நோய்க்கு மருந்து தேடாமல் மண்ணைத் தோண்டிய அல்பேர்ட் ஹோவார்ட்

மார்ச் மாதம் வந்தால் சோலோதுர்னில் எங்கட ஆக்களின் யன்னல் ஓரங்களில் வெறும் தயிர்க் கோப்பைகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து ஆரோ கொண்டுவந்த மிளகாய் விதை, கத்தரி விதை. வெளியில் குளிர் விடவில்லை, மே நடுப்பகுதி வரைக்கும் கன்றை வெளியில் வைக்க ஏலாது. ஆகவே ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, பிள்ளை மாதிரிப் பார்த்துத் தண்ணி ஊற்றுவோம். முளைத்து இரண்டு இலை விடும். பிறகு ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்து, கன்று சரிந்து கிடக்கும். அடுத்த நாள் பக்கத்துக் கோப்பை. ஒரு கிழமையில் பாதி போய்விடும்.

இதற்கு நாற்றழுகல் என்று பெயர். மண்ணில் வாழும் பிதியம், ரைசொக்டோனியா போன்ற பங்கசு வகைகள் செய்கிற வேலை. இதைக் கண்டதும் எங்களுக்கு வருகிற முதல் கேள்வி, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்பதுதான். ஊரிலும் அதுதான் கேள்வி, இங்கேயும் அதுதான். ஏறத்தாழ நூறு வருசத்துக்கு முன் ஒரு ஆங்கிலேயர் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அந்தப் பங்கசு எல்லா மண்ணிலும்தானே கிடக்குது, பிறகு ஏன் சில கன்று மட்டும் சாகுது என்று கேட்டார். அவர் பெயர் சேர் அல்பேர்ட் ஹோவார்ட். கோப் கடையில் மொட்டு முத்திரை போட்ட பயோ மரக்கறியை எடுத்துக் கூடையில் போடுகிற எங்கட பிள்ளையள் அறிந்திருக்க வேண்டிய பெயர். அவர் தன் பாடத்தைப் படித்தது லண்டனிலோ சூரிச்சிலோ இல்லை. இந்தியாவில், காளை மாடு கட்டி உழுத கமக்காரர்களிடம்.

ஹோவார்ட் 1873 டிசம்பரில் இங்கிலாந்தின் ஷ்றொப்ஷயர் பகுதியில் பிஷப்ஸ் காசில் என்ற சிறு ஊரில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் படித்து, கேம்பிறிட்ஜ் போய் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1899இல் மேற்கிந்தியத் தீவுகளின் விவசாயத் திணைக்களத்தில் பங்கசு நிபுணராக பார்படோசுக்குப் போனார். கரும்பு, கொக்கோ, வாழை என்று தீவின் பயிர்களுக்கு வரும் நோய்களை ஆராய்வது வேலை. நோய் பிடித்த தண்டை வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கிருமிக்குப் பெயர் வைத்து, அறிக்கை எழுதுவது.

அங்கேதான் அவருக்கு உறுத்தத் தொடங்கியது. கமக்காரனுக்கு இதைச் செய், அதைச் செய் என்று சொல்கிறேன், ஆனால் சொல்வதைச் செய்து பார்க்க எனக்கென்று ஒரு முழத் துண்டு காணி இல்லையே என்ற உறுத்தல். தோட்டம் செய்யாமல் தோட்டத்துக்கு வைத்தியம் பார்ப்பதை அவர் பிறகு வாழ்நாள் முழுதும் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலில் தன் இளமைக் காலத்தையும் சேர்த்துத்தான் அடித்தார் என்பது எனக்குப் பிடித்த விசயம்.

இங்கிலாந்து திரும்பி கென்ற் பகுதியின் வை விவசாயக் கல்லூரியில் சில வருசம் வேலை. பிறகு 1905இல் இந்தியா. பீகாரில் பூசா என்ற இடத்தில் கேர்சன் பிரபு காலத்தில் உருவான ஆராய்ச்சி நிலையத்துக்கு, அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராகப் போனார். அந்த நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்து டெல்லிக்கு மாறியது. டெல்லியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடத்தை இன்றைக்கும் பூசா என்று சொல்வது அதனால்தான்.

அதே வருசம் அவர் கேப்ரியேல் மத்தேய் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். ஹோவார்ட் என்று நாங்கள் சொல்வது உண்மையில் இரண்டு பேரை. கேப்ரியேல் கேம்பிறிட்ஜில் தாவர உடற்றொழிலியல் படித்தவர். ஒளித்தொகுப்பில் வெப்பநிலையின் பங்கு பற்றி பிளக்மனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வை இன்றைக்கும் தாவரவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேம்பிறிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்காது, பரீட்சை மட்டும் எழுதலாம். இந்தியாவில் முதலில் கணவனின் உதவியாளர், 1913இல் இரண்டாவது பொருளாதாரத் தாவரவியலாளர் என்று அரசு நியமனம். பூசா 4, பூசா 12 என்று வட இந்தியாவில் பரந்த இடத்தில் விதைக்கப்பட்ட கோதுமை இனங்கள், புகையிலை, அவுரி எல்லாவற்றிலும் இரண்டு பேரின் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

பூசாவில் ஹோவார்ட்டுக்கு 75 ஏக்கர் காணி கிடைத்தது. பார்படோசில் இல்லாதது இப்ப கையில். அவர் செய்த முதல் வேலை, சுற்றியிருந்த கிராமங்களின் பயிரைப் பார்த்தது. ஒருவரும் மருந்து அடிப்பதில்லை, அடிக்கக் காசும் இல்லை. இருந்தும் அவர்களின் வயலில் நோய் குறைவாக இருந்தது. ஆராய்ச்சி நிலையத்துக்குள் இருக்கிற நோய் வேலிக்கு வெளியில் ஏன் இல்லை? இதைக் கேட்ட பிறகு அவர் அந்தக் கமக்காரரையும், பயிரைத் தின்ன வரும் பூச்சி பங்கசுகளையும் தன் ஆசிரியர்களாக வைத்துக்கொண்டார். பூச்சி வந்தால் அடித்துக் கலைக்காமல், இந்தப் பயிரில் என்ன பிழை என்று சுட்டிக்காட்ட வந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் 1905இல் பீகார்க் கமக்காரனிடம் படிக்கப் போனது சின்ன விசயமில்லை. ஆனால் அதைப் பெரிய புதினமாக்கவும் தேவையில்லை. மாட்டெரு, ஆட்டெரு, குழை தாழ்க்கிறது எல்லாம் எங்கட ஆக்களுக்கு ஆரும் வந்து சொல்லித் தந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக்குப் பூவரசங் குழையும் பனையோலையும் வெட்டித் தாழ்ப்பதைக் கண்டவர்கள் இதை வாசிப்பவர்களில் கனபேர் இருப்பீர்கள். ஹோவார்ட் செய்தது, அந்த அறிவை ஆராய்ச்சி நிலையத்துக்குள் கொண்டுபோய், எத்தனை பங்கு, எத்தனை நாள், எந்தச் சூடு என்று அளந்து எழுதினது.

அவுரிக் கதையை இங்கே சொல்ல வேணும். பீகாரில் துரைமார் ஜாவா அவுரியைப் பயிரிட்டார்கள். மழைக்காலத்தில் செடி வாடிச் செத்தது. கிருமியைத் தேடினார்கள், பூச்சியைத் தேடினார்கள். ஹோவார்ட் தம்பதி செடியைப் பிடுங்குவதற்குப் பதிலாக, வேரை மண்ணோடு தோண்டிக் கழுவிப் பார்த்தார்கள். மழையில் மண் இறுகி, தண்ணி தேங்கி, காற்றுப் போக வழியில்லாமல் நுண் வேர்கள் செத்திருந்தன. வாடல் என்று பெயர் வைத்த நோய்க்குக் கிருமி காரணமாக இருக்கவில்லை, மண்ணுக்குள் மூச்சு இல்லாததுதான் காரணம். வடிகால் சரியாக்கினால் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

மாட்டுக் கதை இன்னும் பிரபலம். உழவுக்கென்று தனக்குக் காளைகள் வாங்கி, நன்றாக எரு போட்ட மண்ணில் விளைந்த தீவனத்தைக் கொடுத்து வளர்த்தார். பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குக் கோமாரி வந்தது. நடுவில் ஒரு சின்ன வேலிதான். மாடுகள் மூக்கோடு மூக்கு உரசின. ஹோவார்ட்டின் காளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்று அவர் எழுதினார். பிறகு குவெட்டாவிலும் இந்தூரிலும் அதே அனுபவம் என்றார். இதை அவர் சாகும்வரை ஒரு சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் இது ஒரு பரிசோதனை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் மாடு இல்லை, கணக்கு இல்லை. அவருடைய பலமும் பலவீனமும் இந்தக் கதையில் ஒன்றாகத் தெரிகிறது. கண்ணால் கண்டதில் அபாரமான கூர்மை, கண்டதிலிருந்து முடிவுக்குப் பாய்வதில் அவசரம்.

பூசாவில் பங்கசுக்கு ஒரு பகுதி, பூச்சிக்கு ஒரு பகுதி, இரசாயனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஹோவார்ட் எல்லா வேலியையும் தாண்டினார். மற்றப் பகுதி நிபுணர்களுக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் அவர் தனியாக ஒரு நிலையம் கேட்டார். இந்தியப் பருத்திக் குழுவின் பணமும் மத்திய இந்தியச் சமஸ்தானங்களின் பணமும் சேர்ந்து, ஹோல்கர் அரசு கொடுத்த 300 ஏக்கர் காணியில் 1924இல் இந்தூரில் அந்த நிலையம் தொடங்கியது.

1924 என்ற வருசத்தைச் சோலோதுர்ன்காரர் கொஞ்சம் கவனிக்க வேணும். எங்கட மாநிலத்தின் வடக்கு மூலையில் டோர்னாக் இருக்கிறது. பாசலுக்குப் போகும்போது மலையில் ஒரு பெரிய கொங்கிறீற் கட்டடம் தெரியுமே, கோத்தேயானும், அதுதான். அங்கிருந்த றுடோல்ஃப் ஸ்டைனர் அதே 1924 ஜூனில், அன்றைக்கு ஜேர்மனியாகவும் இன்றைக்குப் போலந்தாகவும் இருக்கிற கோபர்விற்ஸ் என்ற ஊரில் விவசாயம் பற்றித் தொடர் உரை நிகழ்த்தினார். டெமெற்றர் என்ற முத்திரையோடு கடைக்கு வரும் பொருட்கள் அந்த வழியில் வந்தவை. ஸ்டைனர் அடுத்த மார்ச்சில் டோர்னாக்கிலேயே இறந்தார். இரசாயனப் பசளைக்கு மறுப்பு என்பதில் இரண்டு பேரும் ஒரே பக்கம். ஆனால் ஸ்டைனர் அண்ட சக்திகளைப் பற்றிப் பேசினார், ஹோவார்ட் குப்பைக் குழியின் சூட்டைப் பற்றிப் பேசினார். ஸ்டைனரின் சீடர்கள் இயற்கையின் விதியை விளக்கிவிட்டார்கள் என்று தனக்குத் தோன்றவில்லை என ஹோவார்ட் தன் புத்தகத்தில் வெளிப்படையாகவே எழுதினார். பயோ என்றாலே எல்லாம் ஒன்று என நினைக்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு தெரியாது.

இந்தூரில் அவரும் யஷ்வந்த் வாட் என்ற இந்திய இரசாயனவியலாளரும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தூர் முறை. வாட்டின் பெயரைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் 1931இல் வந்த புத்தகத்தின் அட்டையில் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது. முறை இதுதான்: கொள்ளளவில் மூன்று பங்கு தாவரக் கழிவு, ஒரு பங்கு சாணம். மாட்டு மூத்திரம் ஊறின மண், அமிலத்தைக் குறைக்கக் கொஞ்சம் சாம்பல். அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, காற்றுப் போக இடையிடையே புரட்டிவிட வேணும். முதலில் பங்கசு குடியேறித் தடித்த நாரை உடைக்கும், பிறகு பற்றீரியா வந்து மிச்சத்தை முடிக்கும். மூன்று மாதத்தில் கறுத்த, மணம் மாறின, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும் மக்கு.

இதில் எங்கட அப்பு அம்மாவின் குப்பைக் கிடங்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கிடங்கில் போட்டுவிட்டு மறந்துபோவோம். ஹோவார்ட் அதை மாட்டுத் தொழுவம் மாதிரி நினைத்தார். உள்ளே கோடிக்கணக்கான உயிர் வளருது, அதுக்குச் சாப்பாடு, தண்ணி, காற்று மூன்றும் நேரத்துக்குக் கொடுக்க வேணும். நோயைத் தடுக்கிற நுண்ணுயிரை வயலுக்குக் கொண்டுபோகிற வழியாக அவர் கூட்டெருவைக் கண்டார். பசளை என்பது அதுக்குப் பிறகுதான்.

கேப்ரியேல் 1930இல் இறந்தார். அடுத்த வருசம் ஹோவார்ட் இந்தியாவை விட்டு ஓய்வுபெற்றுப் போய், கேப்ரியேலின் தங்கை லூயிசைத் திருமணம் செய்தார். லூயிஸ் கிரேக்க இலக்கியம் படித்தவர், கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பற்றிப் புத்தகம் எழுதியவர். அதுவரை அவர் வேலை செய்தது இங்கே சுவிசில், ஜெனீவாவில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விவசாயப் பகுதியில். இந்தூர் நிலையத்தில் கூலியாட்களுக்கு நேரத்துக்குச் சம்பளம், அளவான வேலை நேரம், வைத்திய வசதி என்று ஹோவார்ட் நடத்திய ஏற்பாடு பற்றிய கட்டுரை 1931இல் அந்த அமைப்பின் சஞ்சிகையில்தான் வெளிவந்தது.

1934இல் சேர் பட்டம். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். கென்யாக் கோப்பித் தோட்டங்கள் இந்தூர் முறையை எடுத்தன. தேயிலையும் எடுத்தது. இந்த இடத்தில் கதைக்குள் எங்கட ஆக்கள் நேரடியாக வருகிறார்கள்.

மூணாறில் கண்ணன் தேவன் கம்பனியின் விஞ்ஞான அலுவலராக இருந்த ஹார்லர் என்பவர், நல்லதண்ணி தோட்டத்தில் 1930களில் இந்தூர் முறைக் கூட்டெருத் தயாரிப்பைப் பெரிய அளவில் தொடங்கினார். 1937 முடிவில் ஹோவார்ட் இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். அடுத்த வருசத் தொடக்கம் வரை மலை மலையாக ஏறினார். போன இடமெல்லாம் தேயிலைச் செடியைத் தோண்டி வேரைப் பார்த்தார். அவுரி வேரைக் கழுவின அதே பழக்கம். வேர் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பி, பெட்ஃபோர்ட் கல்லூரியின் மேபல் றெய்னர் என்ற விஞ்ஞானியிடம் பரிசோதிப்பித்தார். கூட்டெரு போட்ட செடியின் வேருக்குள் ஒரு பங்கசு செழிப்பாகக் குடியிருந்தது. மைகொறைசா என்று அதுக்குப் பெயர், வேர்ப்பங்கசு என்று சொல்லலாம். நோய் தராத, வேரோடு கூட்டுக் குடும்பம் நடத்துகிற பங்கசு.

பங்கசைக் கொல்வது எப்படி என்று படித்துத் தொழிலுக்கு வந்தவர், அறுபத்துநாலு வயதில், பங்கசைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதத் தொடங்கினார். மண்ணுக்கும் செடிக்கும் நடுவில் இருக்கிற பாலம் இதுதான், இரசாயனப் பசளை இந்தப் பாலத்தை உடைக்குது, பாலம் உடைந்தால் நோய் வருது என்பது அவர் வாதம். 1940இல் வந்த அவருடைய முக்கிய புத்தகம், விவசாயத்தின் மரண சாசனம் என்று தமிழில் சொல்லக்கூடிய தலைப்போடு வந்தது. மைகொறைசாவுக்கு அதில் பெரிய இடம். கேப்ரியேலுக்குத்தான் அதைச் சமர்ப்பித்திருந்தார்.

ஒரு குறை எனக்கு உண்டு. அந்தப் புத்தகத்தில் தோட்டத் துரைமாரின் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் நல்லதண்ணியிலும் இலங்கை மலைகளிலும் அந்தக் கூட்டெருவை வெட்டி, சுமந்து, புரட்டின தமிழ்த் தொழிலாளியின் பெயர் ஒன்றுகூட இல்லை. கமக்காரனை ஆசிரியன் என்று சொன்னவருக்கே தோட்டத்தில் லயத்து மனிதர் கூலிகளாகத்தான் தெரிந்திருக்கிறார்கள்.

சரி, அவர் சொன்னது எவ்வளவு சரி? வேர்ப்பங்கசைச் செடி செரித்துப் புரதம் எடுக்கிறது என்று அவர் நினைத்தார். அது அப்படியில்லை. பங்கசு மண்ணிலிருந்து பொசுபரசும் தண்ணியும் கொண்டுவந்து கொடுக்குது, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்குது. பண்டமாற்று. கோவா, முள்ளங்கிக் குடும்பத்துச் செடிகளின் வேரில் இந்தக் கூட்டு அமைவதே இல்லை, இருந்தும் அவை நன்றாகத்தான் விளைகின்றன. நல்ல மண்ணில் நோயே வராது என்பதும் மிகை. இலங்கையில் 1869இல் கண்ட கோப்பி இலைத் துரு காற்றில் பறக்கிற வித்தியால் பரவியது. இருபது வருசத்துக்குள் கோப்பித் தொழிலையே அது துடைத்துவிட்டது. எங்கட மலையக மக்கள் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறினது அந்த நோயால்தான். தக்காளியில் வரும் கருகலும் அப்படித்தான். சுவிஸ் கோடை மழையில் எவ்வளவு நல்ல கூட்டெரு போட்டாலும் மேலே கூரை போடாத தக்காளி கருகும்.

ஆனால் வேரைத் தாக்கும் நோய்களில் அவர் பிடித்த நூல் சரியான நூல். அவர் ஓய்வெடுத்த அதே காலத்தில், 1932இல், கலிபோர்னியாவில் வைன்ட்லிங் என்பவர் ரைக்கோடேர்மா என்ற மண் பங்கசு, ரைசொக்டோனியாவின் இழையைச் சுற்றி வளைத்துக் கொன்று தின்பதைக் கண்டார். மண்ணுக்குள்ளேயே காவல்காரன் இருக்கிறான் என்பதற்கு நேரடிச் சாட்சி.

இன்னொரு சாட்சி சுவிசில் கிடைத்தது. இங்கிருந்து பெரிய தூரமில்லை, ஃப்றிபூர்க் மாநிலத்தில் பயேர்ன் பக்கம் மொறென்ஸ் என்று ஒரு ஊர். அங்கே சில புகையிலை வயல்களில் கரு வேரழுகல் நோய்க் கிருமி மண்ணில் இருந்தும் நோய் பெரிதாக வருவதில்லை. சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்தின் ஜெனவியேவ் டெஃபாகோ குழுவினர் 1980களில் இதை ஆராய்ந்தார்கள். புகையிலை வேரில் குடியிருந்த ஒரு சூடோமோனாஸ் பற்றீரியாவைப் பிரித்தெடுத்து சி.எச்.ஏ. பூச்சியம் என்று பெயரிட்டார்கள். அது வேரைச் சுற்றி இருந்துகொண்டு, கிருமியைத் தடுக்கிற இரசாயனங்களைத் தானே சுரக்குது. பிறகு 2011இல் அந்த இனத்துக்கு லத்தீனில் காப்பாற்றுவது என்ற பொருளில் புரொற்றேஜென்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பீகார்க் கமக்காரனின் வயலில் நோய் ஏன் இல்லை என்று ஹோவார்ட் கேட்டாரே, அந்த மாதிரிக் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் நிரூபித்த பதில் இது. பரிசோதனை, ஒப்பீடு, கணக்கு எல்லாம் சேர்த்து.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த இரண்டையும் கமக்காரன் கைக்குக் கொண்டுபோனது. கிலோ விதைக்கு ரைக்கோடேர்மா விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதைப்பது அங்கே சாதாரண சிபாரிசு. மண்ணில் போடுவதானால் ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ தொழுவெருவோடு கலக்கச் சொல்கிறார்கள். எருவோடு ஏன்? வெறும் மண்ணில் போட்டால் அந்த நுண்ணுயிருக்குச் சாப்பாடு இல்லை. பக்கெற்றில் வரும் காவல்காரனுக்கும் சோறு போட வேணும். இந்தச் சோறு போடுகிற பகுதியைத்தான் ஹோவார்ட் தன் வாழ்நாள் முழுதும் எழுதினார்.

இதெல்லாம் பழைய கதை, இப்ப ஏன் என்று கேட்கலாம். 2021ஐ மறக்க முடியுமா? அந்த வருசம் மே மாதம் இலங்கை அரசு ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. நாடு முழுதும் ஒரே போகத்தில் சேதன விவசாயமாம். பசளைக்காகக் கமக்காரர் தெருவில் இறங்கினார்கள், தேயிலை விழுந்தது, பெரும்போக நெல் படுத்தது. நவம்பரில் அரசு பின்வாங்கியது. இடையில் சீனாவிலிருந்து ஒரு கப்பல் சேதனப் பசளையோடு வந்தது. அதில் பயிருக்கு நோய் தரும் எர்வினியா பற்றீரியா இருப்பதாக இலங்கைத் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் சொல்ல, கம்பனி மறுக்க, கடைசியில் பசளையை இறக்காமலே 67 லட்சம் டொலர் கொடுத்து முடித்தார்கள்.

அதுக்குப் பிறகு ஊரில் சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆக்கள் சிரிக்கினம். அந்தச் சிரிப்பின் விலை பெரிது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிற கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்று ஏறிக் கிடக்குது, தோட்டத்துப் பசளைக்கும் அதில் பங்கு உண்டு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்தின் கணக்கு ஊருக்குப் போய்வந்த எல்லாருக்கும் தெரியும். மாற வேண்டிய தேவை அப்படியே இருக்குது, மாறுகிற ஆசையை மட்டும் ஒரு வர்த்தமானி கொன்றுவிட்டது.

ஹோவார்ட்டின் வாழ்க்கையை அந்த அமைச்சர்களில் ஒருவராவது ஒழுங்காக வாசித்திருந்தால் ஒரு கணக்காவது விளங்கியிருக்கும். அவர் பூசாவுக்கு வந்தது 1905. இந்தூர் நிலையம் 1924. கூட்டெருப் புத்தகம் 1931. இருபத்தாறு வருசம். அதுவும் முதலில் எருவை உண்டாக்கிக் காட்டிவிட்டுத்தான் மற்றவனிடம் செய் என்று சொன்னார். கப்பலில் இறக்கலாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை, கழிவு எந்த வயலில் விழுதோ அங்கேயே மக்க வேணும் என்பதுதான் இந்தூர் முறையின் அடிப்படையே. இங்கிருந்து ஊருக்குக் காசு அனுப்பி இயற்கைப் பண்ணை தொடங்குகிற எங்கட சங்கங்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும். முதல் வருசமே விளைச்சல் படம் கேட்டால், அங்கே இருக்கிறவர் இரவோடு இரவாக யூரியா போடாமல் என்ன செய்வார்?

ஹோவார்ட் 1947 ஒக்டோபர் 20ஆம் தேதி லண்டனில் பிளக்ஹீத் வீட்டில் காலமானார். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மாதம். முந்தின வருசம் இங்கிலாந்தில் மண் சங்கம் தொடங்கியபோது அவர் அதில் சேர மறுத்திருந்தார். ஆரோடும் முழுக்க ஒத்துப்போகிற ஆள் இல்லை. லூயிஸ் 1953இல் அவருடைய இந்திய வருசங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் தன் அக்கா கேப்ரியேலின் பங்கையும் சேர்த்தே எழுதிவைத்தார்.

இனித் தயிர்க் கோப்பைக்கு வருவம். நன்றாக முற்றின கூட்டெரு பிதியத்தை அடக்கும் என்பது ஆய்வில் கண்டது. முற்றாத, இன்னும் சூடு ஆறாத கூட்டெரு அதை வளர்த்துவிடும் என்பதும் கண்டது. ஆகவே போன வருசத்துக் குவியலின் அடியிலிருந்து எடுத்து, அரித்து, மண்ணோடு கலவுங்கோ. காலையும் மாலையும் தண்ணி ஊற்றாமல் மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கோ. அதுக்கு முதல் கோப்பையைத் திருப்பிப் பாருங்கோ, அடியில் ஓட்டை போட்டிருக்கிறதா? பீகார் அவுரி செத்தது அதாலதான்.